தூங்கவிடாத புதுமைப்பித்தன்

ஒரு சிறுகதையைப் படித்துவிட்டு விடியும்வரை விளக்கை அணைக்காமல் படுத்திருந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. அந்த ஓர் இரவுதான் இக்கட்டுரையை எழுத வைத்தது.

அப்போது நான் இரண்டாம் ஆண்டு மாணவி. பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். அறைத்தோழி விடுமுறைக்கு ஈப்போ போயிருந்தாள். மறுநாள் வகுப்பில் ஒரு சிறுகதையைப் பற்றிப் பேச வேண்டும். விரிவுரையாளர் எனக்குக் கொடுத்த கதை 'காஞ்சனை'. எண்பது ஆண்டுக்கு முந்திய கதைதானே, அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று இரவு பதினொரு மணிக்குப் புத்தகத்தைத் திறந்தேன்.

கதையில் ஓர் எழுத்தாளருக்கு இரவில் தூக்கம் வரவில்லை. வீட்டுக்குள் எங்கிருந்தோ துர்நாற்றமும் நறுமணமும் வருகின்றன. எங்கள் தெருவில் பூக்கடைகள் உண்டு. மல்லிகைச் சரத்தின் மணம் தினமும் மாடிவரை ஏறி வரும். ஒவ்வோர் இரவும் நான் விரும்பி முகர்ந்த அதே மணம் அன்றைக்கு என் கழுத்தின் பின்புறத்தைச் சில்லிட வைத்தது. எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினேன். சாத்திய பிறகும் மணம் இருந்தது. அதற்கப்புறம் எங்கே தூங்குவது?

தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவள் நான். அங்கே மலாய்த் தோழிகள் பொந்தியானாக் கதைகள் சொல்வார்கள். முதலில் கம்போஜா பூவின் மணம் வருமாம். பிறகு அழுகல் நாற்றம் வருமாம். அப்போது அவள் பக்கத்தில் இருக்கிறாள் என்று பொருளாம். 1957-இல் வெளிவந்த 'பொந்தியானாக்' திரைப்படத்தை இயக்கிய பி. என். ராவ் இந்தியாவிலிருந்து வந்தவர் என்பதைப் பின்னர் அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அந்தக் கதைகளைக் கேட்டு நாங்கள் கத்துவோம், பிறகு சிரிப்போம், மணியடித்ததும் வகுப்புக்குப் போய்விடுவோம். 'காஞ்சனை' அப்படி என்னை விடவில்லை. அன்றிரவு பயந்தேன். மறுநாள் ஏன் பயந்தேன் என்று யோசித்தேன். இன்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதை எழுதியவரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தபோதுதான் சிறிது விளங்கத் தொடங்கியது.

தாயை இழந்த பிள்ளை

புதுமைப்பித்தனின் இயற்பெயர் விருத்தாசலம். 1906-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள், கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தை சொக்கலிங்கம் பிள்ளை அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். தாயார் பர்வதம்மாள். தந்தைக்கு மாற்றல் வரும்போதெல்லாம் குடும்பமும் ஊர் மாறியது. செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று பிள்ளையின் படிப்பும் இடம் மாறிக்கொண்டே இருந்தது. சிறு வயதிலேயே தாய் இறந்துபோனார். தந்தை மறுமணம் செய்துகொண்டார். தந்தை ஓய்வு பெற்றபின் 1918-இல் குடும்பம் சொந்த ஊரான திருநெல்வேலிக்குத் திரும்பியது.

படிப்பில் அவர் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர் அல்லர். திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்து 1931-இல்தான் பி.ஏ. பட்டம் பெற்றார். அப்போது வயது இருபத்தைந்து. நம்மில் சிலருக்கு இது ஆறுதலான செய்தியாக இருக்கும். பாடப்புத்தகத்தைவிடக் கதைப் புத்தகங்களே அவரை இழுத்தன. ஆங்கிலத்தின் வழியாக உலக இலக்கியம் முழுவதையும் விழுங்கிவிடுவதுபோல் படித்தார். பட்டம் பெற்ற மகன் அரசாங்க வேலையில் அமர வேண்டும் என்பதே அக்காலத்துத் தந்தையர் பலரின் எதிர்பார்ப்பு. மகனோ எழுதிப் பிழைப்பது என்று முடிவு செய்தார். 1932-இல் கமலாவை மணந்தார். பிறகு சென்னைக்குப் போனார்.

மணிக்கொடிக் காலம்

1933-இல் 'மணிக்கொடி' இதழ் தொடங்கியது. கு. சீனிவாசன், வ. ரா., டி. எஸ். சொக்கலிங்கம் ஆகிய மூவர் அதற்குக் காரணமானவர்கள். பின்னர் பி. எஸ். ராமையாவின் பொறுப்பில் அது சிறுகதைக்கே உரிய இதழாயிற்று. ந. பிச்சமூர்த்தி, கு. ப. ராஜகோபாலன், மௌனி என்று இன்று நாம் தேர்வுக்குப் படிக்கும் பெயர்கள் பல அங்கேதான் ஒன்றுகூடின. அவர்களுள் புதுமைப்பித்தன் தனியாகத் தெரிந்தார். அவருடைய மொழியில் நெல்லைப் பேச்சு இருந்தது, சைவக் குடும்பத்துப் பழந்தமிழ் இருந்தது, கேலி இருந்தது, கேலிக்கு அடியில் கோபம் இருந்தது.

1934-இல் வெளிவந்த 'பொன்னகரம்' என்ற சிறிய கதையை எடுத்துக்கொள்வோம். அதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அடிபட்டுக் கிடக்கும் கணவனைக் காப்பாற்றப் பணமில்லாத ஓர் ஏழைப் பெண் இருட்டில் ஒருவனோடு போகிறாள். அவ்வளவுதான் கதை. ஆனால் கற்பைப் பற்றி மேடைதோறும் பேசிக்கொண்டிருந்த சமூகம் அந்த இருட்டுச் சந்தைப் பார்க்க வேண்டியதாயிற்று. படித்தவர்கள் அதிர்ந்தார்கள். பயமுறுத்துவது என்றால் என்ன என்பதை அவர் அப்போதே அறிந்திருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

எழுத்து அவருக்குப் புகழைத் தந்தது, சோறு போடவில்லை. காரைக்குடியில் 'ஊழியன்' இதழில் சிறிது காலம் வேலை பார்த்தார். பிறகு சென்னையில் 'தினமணி' நாளிதழில் சேர்ந்தார். பகலெல்லாம் செய்திகளை மொழிபெயர்ப்பதும் கிடைத்த நேரத்தில் கதை எழுதுவதுமாக நாள்கள் போயின. முசோலினியைப் பற்றியும் இட்லரைப் பற்றியும் நூல்கள் எழுதினார். உலகச் சிறுகதைகள் பலவற்றைத் தமிழாக்கினார். மேரி செல்லி 1818-இல் வெளியிட்ட 'பிராங்கன்ஸ்டைன்' நாவலையும் 'பிரேத மனிதன்' என்ற பெயரில் தமிழில் தந்தார். பிண உறுப்புகளைக் கொண்டு ஓர் உயிரை உண்டாக்கிவிட்டு, உண்டாக்கியவனே அஞ்சி ஓடும் கதை அது. மேல்நாட்டுத் திகில் இலக்கியம் அவருக்குப் புதிதன்று என்பதற்கு இதுவே போதும்.

காஞ்சனை

1943-ஆம் ஆண்டு சனவரியில் 'கலைமகள்' இதழில் 'காஞ்சனை' வெளிவந்தது. அதே ஆண்டில் அதே பெயரில் தொகுப்பு நூலும் வந்தது. தம் கதைகள் உலகத்துக்கு உபதேசம் செய்வதற்காக ஏற்பட்டவை அல்ல என்று அந்நூலின் முன்னுரையில் அவர் தெளிவாக அறிவித்தார். நீதி போதனையைத் தேடும் வாசகன் ஏமாறத்தான் வேண்டும்.

கதையை முழுதும் சொல்லி உங்கள் இரவை நான் கெடுக்கப் போவதில்லை. கதை எழுதிப் பிழைக்கும் ஒருவர், அவர் மனைவி, வீட்டு வாசலில் வந்து நிற்கும் ஒரு பிச்சைக்காரி ஆகிய மூவரே முக்கியமானவர்கள். மனைவி இரக்கப்பட்டு அவளை வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். கணவருக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று படுகிறது. இரவில் மனைவியின் கழுத்தருகே இரத்தத் துளிகளைக் காண்கிறார். அது உண்மையா, தூக்கமில்லாத கண்ணின் மயக்கமா? கதை கடைசிவரை பதில் சொல்வதில்லை.

இங்கேதான் அவருடைய சோதனை இருக்கிறது. பழைய பேய்க்கதையில் பேய் வரும், மந்திரவாதி வருவார், பேய் ஓடும், கேட்டவர் நிம்மதியாகத் தூங்குவார். 'காஞ்சனை'யில் பேய் வந்ததா என்பதே தெரியாது. ஆகவே அது போய்விட்டதா என்பதும் தெரியாது. கதை சொல்பவரோ பொய்யைப் புனைந்து விற்பதையே தொழிலாகக் கொண்டவர். அவரை எப்படி நம்புவது? நம்பாவிட்டால் அந்த மனைவியை யார் காப்பாற்றுவது? வாசகன் எந்தப் பக்கம் போனாலும் கதவு சாத்தியிருக்கிறது. அன்றிரவு நான் சன்னலைச் சாத்தியும் மணம் போகாத காரணம் இதுதான்.

இந்தக் கதை வந்த காலத்தை நம் நாட்டோடு சேர்த்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. 1943-இல் மலாயா ஜப்பானியர் ஆட்சியில் இருந்தது. தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சயாம் மரண இரயில் பாதைக்கு ஏற்றிக்கொண்டு போன ஆண்டு அது. திரும்பி வராதவர்கள் எத்தனையோ பேர். கடல் கடந்த தமிழரின் துன்பம் புதுமைப்பித்தனுக்குத் தெரியாத ஒன்றன்று. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, 1935-இல், 'துன்பக் கேணி' என்ற நெடுங்கதையை 'மணிக்கொடி'யில் எழுதிவிட்டார்.

துன்பக் கேணி

நெல்லைச் சீமையின் வாசவன்பட்டி என்ற கிராமத்துச் சேரியில் பிறந்த மருதி என்பவள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போகிறாள். தோட்டத்தில் அதிகாரம் உள்ளவர்கள் அவள் உடலையும் வாழ்வையும் சிதைக்கிறார்கள். கதை நடப்பது இலங்கையில்தான். ஆனால் தேயிலைக்குப் பதில் கித்தா மரத்தை வைத்தால் அது கிள்ளானாகவும் காப்பாராகவும் இருக்கலாம். கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்த கதை நமக்கும் உரியது. 1938-இல் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும்வரை மலாயாவுக்கும் கப்பல் கப்பலாகக் கூலிகள் வந்தார்கள். என் கொள்ளுப்பாட்டி அப்படி வந்தவர்தான்.

கிள்ளானில் இருக்கும் என் பாட்டிக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும், கண்ணும் இப்போது மங்கிவிட்டது. வார இறுதியில் கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ஏறிப் பாட்டி வீட்டுக்குப் போவேன். பாட்டிக்குக் கதை படித்துக் காட்டுவது என் வழக்கம். முதலில் 'காஞ்சனை'யைப் படித்தேன். பாட்டி சிரித்தார். தோட்டத்தில் இதைவிடப் பெரிய பேயெல்லாம் பார்த்தாயிற்று என்றார். லயத்துக்குப் பின்னால் ஒரு கிணறு இருந்ததாம். அதில் ஒரு மோகினி இருந்தாளாம். அந்தி சாய்ந்தபின் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகக்கூடாதாம். இந்தக் கதையைச் சிறு வயதிலிருந்தே நான் கேட்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் அனைவரும் அந்த மோகினிக்குப் பயந்தே சோறு உண்டவர்கள்.

அடுத்த வாரம் 'துன்பக் கேணி'யைப் படித்தேன். இரண்டு நாள் ஆயிற்று. மருதியின் கதை முடிந்தபோது பாட்டி சிரிக்கவில்லை. நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். அந்தக் கிணற்றில் இருந்தது மோகினி இல்லை என்றார். தம் தாயின் தங்கை என்றார். பதினேழு வயதில் கிணற்றில் விழுந்து இறந்தவளாம். அவள் ஏன் விழுந்தாள் என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரியுமாம். பொழுது விடியுமுன் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும், வேலை கொடுப்பவனை எதிர்த்துப் பேச முடியாது. அதனால் யாரும் வாய் திறக்கவில்லை. சில மாதங்களில் அவள் மோகினியாகிவிட்டாள். சொந்த அக்காளே தம் பிள்ளைகளுக்கு அவளைப் பேயாகச் சொல்லி வளர்த்தார். அவளுக்கு ஒரு பெயர் இருந்ததை எழுபது ஆண்டுக்குப் பிறகு அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் உரக்கச் சொன்னார்கள். அப்பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று பாட்டி கேட்டுக்கொண்டார். எழுதவில்லை. அந்தத் தோட்டமும் இன்று இல்லை. வீடமைப்புப் பகுதியாகிவிட்டது.

அன்று இரவும் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் இது வேறு மாதிரியான விழிப்பு. நான் இத்தனை நாள் பயந்தது யாருக்கு? பயப்பட வேண்டிய ஆளுக்குப் பயப்படாமல், பாவப்பட்டவளுக்கு அல்லவா பயந்திருக்கிறேன்! நாம் சொல்லும் பேய்க்கதைகளில் எத்தனை, சொல்ல முடியாத ஓர் அநியாயத்தின் மேல் போட்ட மூடி? 'காஞ்சனை'யிலும் வாசலில் வந்து நிற்பவள் ஒரு பிச்சைக்காரிதான். அவளை ஐயுறுவது வீட்டுக்கார ஆண். அந்தக் கோணத்தில் நான் மறுபடியும் படித்தபோது கதை இன்னும் கூடுதலாகப் பயமுறுத்தியது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 'துன்பக் கேணி' சேரி மக்களைக் காட்டும் விதம் இழிவானது என்று எதிர்ப்பு எழுந்து, 2014-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அதைப் பாடத்திலிருந்து நீக்கியது. அந்த எதிர்ப்பில் நியாயம் இல்லை என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. மேல்சாதிக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் வெளியிலிருந்து பார்த்து எழுதியதுதான் அது. சில சொற்களைப் பாட்டிக்குப் படிக்கும்போது எனக்கே நாக்கு கூசியது. இருந்தாலும் எழுபது ஆண்டு மூடியிருந்த வாயை அந்தக் கதைதான் திறந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் நான் அவரை மதிக்கிறேன்.

கடைசி நாள்கள்

1943-இல் டி. எஸ். சொக்கலிங்கம் 'தினமணி'யை விட்டு விலகியபோது புதுமைப்பித்தனும் விலகினார். 'தினசரி'யில் சிறிது காலம் இருந்தார். பிறகு திரைப்படத் துறைக்குப் போனார். 'ஔவையார்', 'காமவல்லி' ஆகிய படங்களுக்கு எழுதினார். பர்வதகுமாரி என்ற பெயரில் சொந்தமாகப் படக் கம்பெனி தொடங்கினார். அது கைகூடவில்லை, பணம்தான் போயிற்று. கம்பெனியின் பெயரைக் கவனியுங்கள். சிறு வயதில் இழந்த தாயின் பெயர் அதில் ஒளிந்திருக்கிறது.

1946-இல் மகள் தினகரி பிறந்தாள். குடும்பத்தைக் காக்கப் பணம் வேண்டும். தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி' படத்துக்கு எழுதுவதற்காகப் புனே போனார். அங்கே காசநோய் அவரைப் பிடித்துக்கொண்டது. காசநோயைக் குணப்படுத்தும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து 1943-இலேயே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ஆனால் அது அரிதாகவும் விலை மிகுந்ததாகவும் இருந்த காலம். வறுமையில் இருந்த ஓர் எழுத்தாளனுக்கு எட்டும் மருந்தாக அது இல்லை. தொலைவில் இருந்தபடி அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் பின்னர் 'கண்மணி கமலாவுக்கு' என்ற நூலாக வந்தன. உலகத்தையே கேலி செய்தவர் அக்கடிதங்களில் ஏங்குகிறார்.

அவர் எழுதிய 'செல்லம்மாள்' என்ற கதை இங்கே நினைவுக்கு வருகிறது. நெல்லையிலிருந்து சென்னைக்குப் பிழைக்க வந்த ஒரு துணிக்கடை ஊழியர், நோயாளி மனைவி இறந்தபின் அவள் உடலோடு தனியே இருக்கும் கதை. அதுவும் 1943-இல் வந்ததுதான். சில ஆண்டுகளில் அந்தக் கதையின் வறுமையும் நோயும் அவர் வீட்டுக்கே வந்தன. படுக்கையில் கிடந்தது மட்டும் மனைவி அல்லர், அவரே. நோய் முற்றிய நிலையில் மனைவியின் ஊரான திருவனந்தபுரம் வந்து சேர்ந்தார். 1948-இல் அங்கேயே இறந்தார். வயது நாற்பத்திரண்டு. மகளுக்கு இரண்டு வயது.

ஏறக்குறைய நூறு கதைகளை விட்டுச் சென்றார். நண்பர் தொ. மு. சி. ரகுநாதன் 1951-இல் அவர் வரலாற்றை எழுதினார். 2002-இல் தமிழக அரசு அவருடைய படைப்புகளை நாட்டுடைமையாக்கியது. இன்று அவர் கதைகளைக் கைப்பேசியிலேயே இலவசமாகப் படிக்கலாம். அவருக்குப் பின் கமலா விருத்தாசலத்தின் சிறுகதைகளும் நூலாக வந்தன என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

அன்பு வாசகர்களே, புதுமைப்பித்தனைச் சிறுகதை மன்னன் என்று பாராட்டிவிட்டு அலமாரியில் வைத்துவிடுவது எளிது. தேர்வு முடிந்ததும் நாமும் அதைத்தான் செய்கிறோம். ஒரே ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறையில் அவருடைய கதை ஒன்றை எடுத்துப் போய் வீட்டில் உள்ள பெரியவர் ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். படித்து முடித்ததும் உடனே எழுந்து போய்விடாதீர்கள். சற்று நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். அவர்களிடமும் ஒரு கிணறு இருக்கலாம்.

இந்த ஆடி அமாவாசைக்குப் பாட்டி முதன்முறையாகத் தம் சின்னம்மாவுக்கும் ஓர் இலை போட்டார். அதில் மல்லிகைச் சரம் ஒன்றை வைத்தார். பிரிக்பீல்ட்ஸிலிருந்து அதை வாங்கிக்கொண்டு போனவள் நான்தான். கொமுட்டரில் வழிநெடுக அந்த மணம் என் மடியில் இருந்தது. எனக்குப் பயமாக இல்லை.